வெள்ளோட்டத்தை நம்பலாமா?

பொதுத்தேர்வு நெருங்கும் நாட்களில் முகப்பேர் பக்கம் எந்த அபார்ட்மெண்ட் வாசலில் நின்றாலும் காதில் விழும் கேள்வி ஒன்றுதான். "ரிவிஷன் டெஸ்ட்ல எவ்வளவு?" பையன் 95 என்றால் அம்மா முகத்தில் சிரிப்பு. 70 என்றால் அன்றிரவு டிவி கிடையாது. கேள்வித்தாள் எடுத்தது யார், எத்தனை பாடத்துக்கு எடுத்தார், திருத்தியவர் தாராளமானவரா கறாரானவரா என்றெல்லாம் யாரும் கேட்பதில்லை. கையில் ஒரு எண் கிடைத்துவிட்டால் போதும், அதையே பிடித்துக்கொண்டு தொங்குவது மனித சுபாவம்.

இந்த சுபாவம்தான் ரேஸ் பார்ப்பவர்களையும் கவிழ்க்கிறது. முகப்பேரிலிருந்து திருமங்கலம், கோயம்பேடு, வடபழனி தாண்டிப் போனால் கிண்டி வரும். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து அங்கிருந்த ரேஸ் கோர்சுக்கு சீல் வைத்தது. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக, 160 ஏக்கர் பரந்த அந்த இடத்தில் விடியற்காலையில் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் நடக்கும். ஓரத்தில் சிலர் ஸ்டாப்வாட்சோடு நிற்பார்கள். அவர்கள் குறித்தது பேப்பரில் வரும். குதிரையின் பெயர், 600 மீட்டர் அல்லது 800 மீட்டர், இத்தனை நொடி, கூடவே "நன்றாக ஓடியது" என்கிற ரீதியில் ஒரு வரி. அவ்வளவுதான். இதை வைத்து அன்றைய மத்தியானமே பணம் கட்டத் தயாரானவர்கள் எத்தனையோ பேர்.

அந்த ஒரு வரியில் இல்லாதவற்றைப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருந்தது ரேஸில் ஓட்டப்போகும் ஜாக்கியா, பயிற்சிக்கு ஓட்டும் கனமான ஆளா? மணல் தடமா, புல் தடமா? குதிரையை விரட்டினார்களா, கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்களா? தனியாக ஓடியதா, பக்கத்தில் துணைக்கு இன்னொன்று ஓடியதா? இவற்றில் ஒன்று மாறினாலும் அந்த நொடிக்கணக்கின் அர்த்தமே மாறிவிடும்.

குதிரைக்காவது ஜாக்கி இருக்கிறார், அவர் இழுத்துப் பிடிக்கலாம். கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயத்தில் அதுவும் இல்லை. இயந்திர முயலைத் துரத்திக்கொண்டு நாய் தானாக ஓடுகிறது. அப்படியானால் அங்கே கடிகாரம் பொய் சொல்லாது என்றுதானே தோன்றும்? அங்கேயும் கதை அதேதான். பிரிட்டனில் ஒரு நாய் புதிய மைதானத்தில் பந்தயத்துக்கு வருமுன் வெள்ளோட்டம் ஓடிக் காட்டவேண்டும். பந்தய அட்டையில் அந்த ஓட்டங்களுக்கு 'டி' என்று தனிக்குறி போட்டுவிடுகிறார்கள். இது ரேஸ் அல்ல, ரேஸாகப் படிக்காதே என்பதுதான் அந்தக் குறி சொல்லும் சேதி.

காரணம் இருக்கிறது. வெள்ளோட்டத்தில் நாய் தனியாகவோ ஒன்றிரண்டு துணையோடோ ஓடும். ரேஸில் ஆறு நாய்கள். முதல் வளைவில் ஆறும் ஒரே இடத்துக்கு முட்டி மோதும். அங்கே ஒரு நாயின் உடல் நீளத்தை 0.08 நொடி என்று கணக்கு வைக்கிறார்கள். வெள்ளோட்டத்தில் 0.30 நொடி வேகமாக ஓடிய நாய், கணக்குப்படி ஏறக்குறைய நான்கு நீளம் முன்னால் இருக்கவேண்டும். முதல் வளைவில் வாங்கும் ஒரே இடியில் அந்த நான்கு நீளமும் காணாமல் போகும். இது போதாதென்று, தடம் ஈரமா காய்ந்ததா என்று பார்த்து நேரத்தைக் கூட்டிக் கழிக்கவும் வேண்டும்.

நம்மூரிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. பொள்ளாச்சி, உடுமலை பக்கத்து ரேக்ளா பந்தயத்தில் 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்துக்கு வண்டிகளைத் தனித்தனியாக ஓடவிட்டு ஸ்டாப்வாட்சில் நேரம் பார்க்கிறார்கள். அங்கே வெள்ளோட்ட நேரத்துக்கு மதிப்பு உண்டு, ஏனென்றால் பந்தயமே அப்படித்தான் நடக்கிறது. மதுரை, சிவகங்கை பக்கம் வண்டிகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும். முந்தவேண்டும், வழி விடாதவனைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அங்கே தனியாக ஓட்டிப் பார்த்த நேரம் பாதிதான் பேசும். ஆக, வெள்ளோட்டம் எவ்வளவு தூரம் பந்தயத்தைப் போல இருக்கிறதோ, அவ்வளவு தூரம்தான் அதை நம்பலாம்.

இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குச் சமாச்சாரம் இல்லை. தமிழக அரசு 1974-ல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996 ஜனவரி 12 அன்று தீர்ப்பு வந்தது. குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, சூதாட்டம் அல்ல என்றது நீதிமன்றம். குதிரையின் உடல்தகுதி, இயல்பான ஆற்றல், ஜாக்கியின் திறமை, சுமக்கும் எடை, ஓடும் தூரம் இவையெல்லாம் பந்தயம் கட்டுபவர் கணித்துப் பார்க்கக்கூடியவை என்பது அதன் வாதம்.

எடையும் தூரமும் அட்டையிலேயே அச்சாகியிருக்கும், சரி. ஜாக்கியின் பழைய கணக்கும் கிடைக்கும். ஆனால் உடல்தகுதி? அது லாயத்துக்குள் இருக்கிறது. வெளியே நிற்பவனுக்கு அதைக் காட்டும் ஒரே ஜன்னல் காலை நேர வெள்ளோட்டம். அந்த ஜன்னலின் திரையை எவ்வளவு விலக்குவது என்று முடிவு செய்பவர் ட்ரெய்னர். ஆகவே நொடிக்கணக்கை மட்டும் பார்த்துப் பணம் கட்டுகிறவன் குதிரையின் மேல் கட்டவில்லை, இன்னொருவர் மனதில் இருப்பதன் மேல் கட்டுகிறான். அதைத் திறமை என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

அதற்காக வெள்ளோட்டமே வீண் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஒரு நாயை அடுத்த நாயோடு ஒப்பிட அது உதவாது. அதே நாயின் போன வார ஓட்டத்தோடு, அதே தடத்தில், அதே தூரத்தில் ஒப்பிட்டால் உதவும். காயத்திலிருந்து திரும்பிய விலங்கு முழு தூரத்தையும் நொண்டாமல் முடித்ததா என்று தெரியும். இரண்டாவது வெள்ளோட்டம் முதலாவதைவிடத் தேறியிருக்கிறதா என்று தெரியும். சுருக்கமாகச் சொன்னால், எது தயாராக இல்லை என்று கழித்துக்கட்ட வெள்ளோட்டம் நல்ல கருவி. எது ஜெயிக்கும் என்று சொல்ல அது மோசமான ஜோசியம்.

நல்ல வாத்தியார் ரிவிஷன் பேப்பரில் மொத்தத்தைப் பார்ப்பதில்லை, எந்தக் கேள்வியில் மார்க் போனது என்றுதான் பார்ப்பார். ரிவிஷனில் வாங்கிய 95-ஐ எந்தக் காலேஜும் அட்மிஷனுக்குக் கேட்டதில்லை. வெள்ளோட்டத்தில் ஜெயித்த குதிரைக்கு எந்த புக்கியும் பணம் கொடுத்ததில்லை.