செக்‌ஷன் மாற்றிக் கேட்கலாமா?

ஆடி பிறந்துவிட்டால் தனியார் பள்ளிகளில் முதல்வர் அறைக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் இடம் கிடைக்காது. உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் பிளஸ் ஒன் பிள்ளைகளைப் பெற்றவர்கள். கோரிக்கை ஒன்றுதான்: "பிசிக்ஸ் நடத்தறது புரியலையாமுங்க. பி செக்‌ஷனுக்கு மாத்திக் குடுங்க." இந்த வருடம் என் மகளும் அதையே கேட்கச் சொல்கிறாள். "எனக்குப் புரியவே மாட்டேங்குதுங்கம்மா, நீங்க வந்து பேசுங்க" என்று ஒரு வாரமாகப் பிடிவாதம்.

அவள் கேட்பதைச் சின்ன விஷயமாக ஒதுக்க முடியவில்லை. பிளஸ் ஒன்னில் அமைகிற ஆசிரியரே பெரும்பாலும் பிளஸ் டூவுக்கும் கூடவே வருவார். இன்ஜினியரிங் கட்‌ஆஃப் 200இல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. போதாததற்கு, பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் 2025-26 முதல் இல்லை. பதினோராம் வகுப்புப் பாடத்தை நடத்தாமலே தாண்டிப் போய்விடுகிற வழக்கத்துக்குக் கடிவாளமாகத்தான் 2017-18இல் அந்தத் தேர்வு வந்தது. பிள்ளைகளுக்குப் பாரம் குறைந்ததில் எனக்கும் நிம்மதிதான். ஆனால் அடித்தளம் சரியாக விழுகிறதா என்று வீட்டில்தான் இனிக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

"கேட்டீங்கன்னா இன்டர்னல் மார்க்குல கை வெச்சுருவாங்க அக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் எச்சரித்தாள். இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. அந்தப் பத்தை நினைத்துத்தான் நிறையப் பேர் வாயைத் திறப்பதில்லை. மார்க்கைக் காட்டிப் பெற்றோரை வாயடைக்கிற பள்ளியாக இருந்தால், அங்கே ஏ செக்‌ஷனில் இருந்தால் என்ன, பி செக்‌ஷனில் இருந்தால் என்ன? இந்தப் பயத்தை வைத்து எந்த முடிவும் எடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய நோட்டையும் பாடப்புத்தகத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். முதல் அலகு அளவீட்டியல். கணக்குகளைத் தானே போட்டிருக்கிறாள். அடித்தல் திருத்தல் எல்லாம் இருக்கிறது, யோசித்துப் போட்டதற்கான அடையாளம். இரண்டாம் அலகு இயக்கவியலில் வெக்டர் வந்ததும் கையெழுத்து திடீரென்று அழகாகிவிடுகிறது. போர்டில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறாள். வகையிடல் வருகிற பக்கத்தில் ஓரமாகப் பென்சிலில் 'இது எப்படி வந்தது?' அடுத்த பக்கத்திலும் அதே கேள்வி. அதற்கடுத்த பக்கத்தில் வெறும் கேள்விக்குறி.

கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். வெக்டர் எட்டாவது பாடம், வகைநுண்கணிதம் ஒன்பதும் பத்தும், தொகைநுண்கணிதம் பதினொன்று. எல்லாமே இரண்டாம் தொகுதி. இயற்பியலுக்கு ஆடியிலேயே தேவைப்படுகிற கணக்கு, கணக்கு வகுப்பில் பல மாதம் கழித்துத்தான் வரும். பத்தாம் வகுப்பிலோ இதில் எதையும் தொட்டதில்லை. "மேத்ஸ்ல வரும்போது படிச்சுக்குவீங்க" என்று மிஸ் சொல்லிவிட்டுப் போனாராம். பிள்ளை எங்கே விழுந்தாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பள்ளத்தை மிஸ் வெட்டவில்லை, பாடத்திட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் அதோடு அவரை விட்டுவிடவும் மனம் வரவில்லை. பி செக்‌ஷனில் படிக்கிற தோழியின் நோட்டை வாங்கி வரச் சொன்னேன். அதில் இதே இடத்தில் இரண்டு பக்கம் கூடுதலாக இருக்கிறது. ஒரு வரைபடம், அதன் சாய்வு, அதிலிருந்து திசைவேகம், பிறகு நான்கு எளிய கணக்குகள். அந்த ஆசிரியர் பள்ளத்தைப் பார்த்து, நின்று, பலகை போட்டுப் பிள்ளைகளைக் கடத்தியிருக்கிறார். வித்தியாசம் இருக்கத்தான் செய்கிறது. என் மகள் சொன்னது பொய்யில்லை.

அப்படியானால் மாற்றிக் கேட்டுவிட வேண்டியதுதானே? இங்கேதான் எனக்கு உறுத்தியது. என் பிள்ளை போய்விட்டால் ஏ செக்‌ஷனில் மிச்சமிருக்கிற பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பக்கத்தை யார் நடத்துவது? ஒரு ஷிப்ட் கூலியை விட்டுவிட்டு அந்த பெஞ்சில் வந்து உட்கார முடியாத தறிக்காரர் மகளும் அதே வகுப்பில்தான் இருக்கிறாள். எத்தனையோ அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இயற்பியலுக்கு இருப்பதே ஒரே ஆசிரியர். மாறுவதற்கு இன்னொரு செக்‌ஷன் கிடையாது. கேட்க முடிந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்துவிட்டால், வகுப்பு எங்கே தடுமாறுகிறது என்பது அந்த ஆசிரியருக்குக் கடைசிவரை தெரியவே தெரியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதெல்லாம் புரியவில்லை என்கிற பிள்ளைக்கு. பயமாக இருக்கிறது என்கிற பிள்ளைக்கு இல்லை. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த குரூப்பு" என்று நாற்பது பேர் முன்னால் நிற்கவைத்துக் கேட்கிற ஆசிரியரிடமிருந்து பிள்ளையை உடனே மாற்றுங்கள், கூடவே எழுத்தில் புகாரும் கொடுங்கள். தொடுகையிலோ பேச்சிலோ தவறு என்றால் செக்‌ஷன் மாற்றம் என்கிற சமாதானத்துக்கே இடம் கொடுக்காதீர்கள். அது போக்சோ சட்டத்தில் வருகிற குற்றம். 1098 இருக்கிறது, பள்ளிக் கல்வித்துறையின் 14417 இருக்கிறது. உங்கள் பிள்ளையை மட்டும் நகர்த்திக்கொண்டு வந்தால் அடுத்த பிள்ளை மாட்டும்.

எங்கள் விஷயத்தில் முதல்வரிடம் போகாமல் நேராக மிஸ்ஸிடம் நேரம் கேட்டுப் போனேன். மகளையும் கூட்டிக்கொண்டேன். நோட்டைக் காட்டினேன். மிஸ் பென்சில் எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்தார். "இத ஏம்ப்பா கிளாஸ்லயே கேக்கல?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நீங்க அழிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிடறீங்க மிஸ்" என்றாள் என் மகள். எனக்குத்தான் பகீரென்றது. மிஸ் கோபப்படவில்லை. காலாண்டுக்குள் போர்ஷன் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார், மூன்று செக்‌ஷன் பார்ப்பதைச் சொன்னார். பிறகு நோட்டை ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார். வகுப்பு மொத்தத்துக்கும் இரண்டு பீரியட் வகையிடல் மட்டும் நடத்துகிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

ஒரு பீரியட் நடந்தது. இரண்டாவதை விளையாட்டு விழா ஒத்திகை எடுத்துக்கொண்டது. என் மகள் இன்னும் கை தூக்குவதில்லை. பின் வரிசையில் ஒரு பெண் தூக்குகிறாளாம். அன்று பென்சில் கேள்விகளில் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது, மீதி அப்படியே இருக்கிறது. காலாண்டு விடைத்தாள் வந்த பிறகு இருவரும் மறுபடி உட்கார்ந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். மார்க்கை விட நோட்டைத்தான் பார்ப்பேன். அப்போதும் அவள் போர்டைப் பார்த்து அழகாக எழுதிக்கொண்டு மட்டும்தான் இருக்கிறாள் என்றால், முதல்வரிடம் போய் செக்‌ஷனை மாற்றிக் கேட்பேன்; ஏ செக்‌ஷனுக்கு அந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேட்பேன். மிஸ்ஸிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன்.