சூலுற்றோரும் கருப்பட்டிக் காப்பியும்

எம் தூத்துக்குடியில் சூலுற்ற பெண் சோர்ந்து அமர்ந்தால், கருப்பட்டிக் காப்பி உடனே வந்துவிடும். கருப்பட்டி இட்டமையால் தீங்கில்லை என்பர் மூதாட்டியர். யாம் அதற்கு உடன்படோம். கருப்பட்டி இனிப்பை மாற்றுமேயன்றிக் காப்பித்தூளிலுள்ள காபீனை நீக்காது. (தூள் சேராத சுக்குக்காப்பி பெயரளவிலேயே காப்பி, அதனோடு எமக்கு வழக்கில்லை.)

தாய் அருந்தும் காபீன் நஞ்சுக்கொடி வழியே கருவை அடைகின்றது. அதனைச் சிதைக்கும் ஆற்றல் கருவுக்கு இல்லை. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மிகுதியாகக் கொள்வோர் குறைத்துக்கொள்க என 2016-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்திற்று. மகவு எடை குன்றிப் பிறக்கலாம் என்பது அச்சம். 150 மில்லிலிட்டர் வடித்த காப்பியில் 80 முதல் 120 மில்லிகிராம் உண்டு. மூன்றாங் குவளையிலேயே எல்லை கடக்கக்கூடும்.

பிறந்தபின் யாதாம்? 2018-இல் வெளியான நார்வே ஆய்வு, மிகுதியாக அருந்தியோரின் மக்களிடையே குழவிப்பருவத்தில் மிகை எடை கூடுதல் என்றது. 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வோ, எட்டு வயதளவும் உயரம் சற்றுக் குறைவென்றது. இவை தொடர்பைக் காட்டினவேயன்றிக் காரணத்தை நிறுவவில்லை. ஆதலின் எவரையும் அச்சுறுத்த யாம் விரும்பவில்லை.

எம்மை வருத்துவது வேறு. வலை வெறுமையாய் மீளும் நாளில் உணவுக்கு ஈடாகவே அக்குவளை நீட்டப்படுகின்றது. உணவோடு பருகினாலோ இரும்புச்சத்து உடலிற் சேர்வதை அது தடுக்கும். முதலில் அவளுக்குச் சோறும் மீனும் இடுக. காப்பி ஒரு மணி நேரம் காத்திருக்கட்டும்.