அரைப்புள்ளி ஜாக்கிரதை!

புரொகிராம் எழுதுகிறவர்கள் அடிப்படையில் சோம்பேறிகள். பாராட்டாகத்தான் சொல்கிறேன். ஒரு ஃபைலைப் பிரதி எடுக்க, திறந்து, படித்து, எழுதி, மூடி என்று இருபது வரி எதற்கு? ஆபரேட்டிங் சிஸ்டத்தில்தான் அதற்கு ரெடிமேடாக ஒரு கட்டளை இருக்கிறதே, அதைக் கூப்பிட்டுவிட்டால் போச்சு!

ஸி மொழியில் இதற்கு 'சிஸ்டம்' என்று ஒரு ஃபங்ஷன். கட்டளையை அதில் எழுதிக் கொடுத்தால், யூனிக்ஸ், லினக்ஸ் வகையறாக்களில் 'ஷெல்' என்கிற ஆசாமியைக் கூப்பிட்டு அவன் கையில் சீட்டைத் திணிக்கும். அவன் முடித்துவிட்டு வரும்வரை உங்கள் புரொகிராம் கைகட்டிக் காத்திருக்கும். பூஜ்யம் வாங்கிக்கொண்டு வந்தால் வேலை சுபம். பூஜ்யத்துக்குப் பாஸ் போடுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

ஷெல், எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆபீஸ் பையன். சீட்டில் இருப்பதைச் செய்வான். யார் எழுதியது என்று கேட்கமாட்டான். இடைவெளி விட்டால் அடுத்த பொருள், அரைப்புள்ளி வைத்தால் அடுத்த வேலை, அவ்வளவுதான் அவன் இலக்கணம்.

வம்பே இதில்தான். நெட் இணைப்பைச் சோதிக்க 'பிங்' என்று ஒரு கட்டளை உண்டு. உங்கள் வீட்டு ரௌட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில்கூட 'விலாசம் கொடு, பிங் செய்கிறேன்' என்று ஒரு கட்டம் இருக்கலாம். நல்லவர் விலாசம் மட்டும் அடிப்பார். வில்லங்கமானவர் விலாசம், ஒரு அரைப்புள்ளி, 'எல்லாவற்றையும் அழி' என்று அடிப்பார். புரொகிராம் அதை அப்படியே ஒட்டிக் கொடுத்தால் பையன் இரண்டையும் சிரத்தையாகச் செய்வான், அதுவும் உங்கள் புரொகிராமின் முழு அதிகாரத்தோடு. பல ரௌட்டர்களில் நிஜமாகவே இந்த ஓட்டை அகப்பட்டிருக்கிறது.

வில்லன்கூடத் தேவையில்லை ஸார். 2001 நவம்பரில் ஆப்பிள், மாக் கம்ப்யூட்டருக்கு ஐட்யூன்ஸ் 2 வெளியிட்டது. பழைய பிரதியை அழிக்கிற கட்டளையில் டிஸ்க்கின் பெயரைச் சுற்றி மேற்கோள்குறி போட விட்டுப்போயிற்று. டிஸ்க்குக்கு இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்த சிலருக்கு ஐட்யூன்ஸோடு டிஸ்க்கும் காலி. பாட்டுக் கேட்க வந்தவர்கள் பாடு! அவசரமாக வாபஸ் வாங்கி 2.0.1 விட்டார்கள்.

வெளியாள் அடித்தது ஒரு எழுத்துகூட ஷெல் பக்கம் போகக்கூடாது என்பது என் கட்சி. அரைப்புள்ளியை மட்டும் வடிகட்டிவிட்டேன் என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் உண்டு. பையனுக்குப் புரிகிற மற்ற குறிகள் அரை டஜனுக்கு மேல். அவனையே தவிர்ப்பது உத்தமம். ஸியில் 'எக்ஸெக்' குடும்பம், பைதானில் 2004லிருந்து 'சப்ப்ராசஸ்' இதற்குத்தான். கட்டளை தனி, அதற்குக் கொடுக்கிற சாமான்கள் தனித்தனி என்று பட்டியலாகக் கொடுத்தால் ஷெல் நடுவில் வராது. அரைப்புள்ளி வெறும் அரைப்புள்ளியாகவே போய்ச் சேரும்.

அப்போதும் ஒரு விஷமி, பெயரைச் சின்னக் கோட்டில் ஆரம்பித்து அடித்தால், கட்டளை அதைப் பெயராக எடுத்துக்கொள்ளாமல் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்ளும். பெயருக்கு முன்னால் இரட்டைக் கோடு ஒன்று போடுங்கள். பெரும்பாலான யூனிக்ஸ் கட்டளைகள் புரிந்துகொள்ளும்.