எழுதாத கணக்கும் ஈரோட்டு வண்டியும்

நம் சங்கத்துப் பொங்கல் விழா அன்று மண்டப வாசலில் நிற்கும் கார்களின் எண் பலகைகளை ஒருமுறை பாருங்கள். கே.ஏ. 09, கே.ஏ. 55 என்ற மைசூர் எண்களுக்கு நடுவே டி.என். 33, டி.என். 37, டி.என். 30 என்று ஈரோடும் கோவையும் சேலமும் வரிசையாக நிற்கும். பார்க்க மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அவற்றில் எத்தனை வண்டிகள் ஓட்டுகிறவரின் பெயரில் இருக்கின்றன? பிறரைக் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. பதினான்கு மாதங்கள் நானே அப்படி ஒரு வண்டியை ஓட்டியவன்.

2023-ஆம் ஆண்டு ஆனி மாதம் என் மைத்துனர் தம் பழைய காரை எனக்குக் கொடுத்தார். என் மனைவிக்கு மூத்தவர், ஈரோட்டில் இருப்பவர், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் வண்டி ஓட்டுவதை நிறுத்தியிருந்தார். வெளியே விற்றால் கிடைக்கும் விலையைவிடக் குறைத்தே என்னிடம் வாங்கிக்கொண்டார். பணம் கொடுத்தேன், சாவி கொடுத்தார், சத்தியமங்கலம் வழியாகத் திம்பம் மலையேறி வந்து சேர்ந்தேன். பெயர் மாற்றமா? "அதுக்கென்னங்க மாப்பிள்ளை, மெதுவாப் பாத்துக்கலாம்" என்றார். உறவுக்குள் காகிதம் எதற்கு என்று நானும் இருந்துவிட்டேன்.

மறு ஆண்டு ஆவணியில் என் மகன் காளிதாச ரோட்டில் சைக்கிளில் வந்த ஒருவர்மீது மோதிவிட்டான். அவருக்குக் கை எலும்பில் விரிசல். வழக்குப் பதிவாயிற்று. வண்டியின் உரிமையாளர் யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். ஆர்.சி.யைப் பார்த்துவிட்டு, "இவரை வரச் சொல்லுங்கள்" என்றார்கள். அதில் தவறில்லை. ஓட்டியது யார் என்ற விவரத்தைத் தரவேண்டிய கடமை உரிமையாளருடையது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு சொல்கிறது.

அறுபத்தெட்டு வயதில், மருந்துப் பையோடு, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் கடந்து வந்து இறங்கினார் மைத்துனர். வந்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரிந்தது. பெங்களூர் நெடுஞ்சாலையில் நாங்கள் வேகமாகப் போனதற்கான அபராதச் செய்திகள் மூன்று முறை அவருடைய செல்பேசிக்குத்தான் போயிருக்கின்றன. சொல்லாமல் அவரே கட்டியிருக்கிறார். இன்ஷூரன்ஸ் முடிவதாக வந்த நினைவூட்டலும் அவருக்குத்தான். எனக்கு அந்தத் தேதியே தெரியாது. அவர் பணம் கட்டிப் புதுப்பித்திருந்ததால்தான், கை முறிந்தவருக்கு நஷ்டஈடு கிடைக்க வழி இருந்தது. காவல் நிலைய பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏற்பட்ட வெட்கத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

"எழுதாத கணக்கு அழுதாலும் தீராது" என்பார்கள். வாங்குகிறவர் ஏமாந்துவிடாமல் இருக்கச் சொன்ன பழமொழி என்றே அதுவரை நினைத்திருந்தேன். பழைய கார் விஷயத்தில் அழவேண்டியவர் பெரும்பாலும் விற்றவர்தான்.

இது என் குடும்பத்துக் கதை மட்டுமன்று. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். ஒருவர் 2007-இல் தம் காரை விற்றுவிட்டார். அது பிறகும் பல கைகள் மாறியது. யாருமே பதிவை மாற்றவில்லை. 2009-இல் அந்தக் காரால் விபத்து நேர்ந்தது. நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு யார்? 2007-இலேயே விற்றவர்தான் என்றது நீதிமன்றம். 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். அடிபட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது. யோசித்துப் பார்த்தால் நியாயமான தீர்ப்புதான். ஆனால் அந்த முதல் மனிதரின் நிலையில் நம் அண்ணனையோ மாமாவையோ நிறுத்திப் பாருங்கள்.

சட்டம் காலக்கெடுவையும் தெளிவாகவே தந்திருக்கிறது. 50-ஆம் பிரிவின்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலம் என்றால் 45 நாட்கள். வாங்கியவருக்கு 30 நாட்கள். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டி இருந்தால் அந்த மாநிலத்துப் பதிவெண் வாங்க வேண்டும் என்பது 47-ஆம் பிரிவு.

"ஏற்கெனவே தமிழ்நாட்டில் ஆயுள் வரி கட்டிய வண்டிக்கு இங்கேயும் வரியா?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்த மனக்குறையில் நியாயம் உண்டு. வெளிமாநில வண்டி 30 நாட்களுக்கு மேல் இங்கிருந்தால் ஆயுள் வரி என்று 2014-இல் கர்நாடகத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2016-இல் உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. எல்லையில் வாழும் நமக்கு இந்த இழுபறி புதிதன்று. 2021 செப்டம்பரில் வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவெண், மாநிலம் மாறினாலும் மாற்ற வேண்டாத எண். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு மாநிலங்களிலாவது அலுவலகம் உள்ள நிறுவனங்களின் ஊழியர்களுக்கும்தான். மளிகைக் கடைக்காரருக்கும் ஓய்வு பெற்றவருக்கும் கிடையாது. அந்த வசதி எல்லாருக்கும் வரவேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் அரசோடு நமக்குள்ள வழக்கிற்கு, வண்டியைக் கொடுத்த உறவினரைப் பிணையாக வைப்பது எந்த நியாயம்?

சரி, வேலை எவ்வளவு? நான் பட்டதைச் சொல்கிறேன். முதல் முடிச்சு வங்கிக் கடன். மைத்துனர் கடனை அடைத்துப் பல ஆண்டுகள் ஆகியும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கிக் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கொடுத்து அதை நீக்கினோம். அடுத்து ஈரோட்டில் 28-ஆம் எண் படிவத்தில் என்.ஓ.சி. விண்ணப்பம், சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்த அச்சும் வேண்டும். அபராதப் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான 29, 30-ஆம் எண் படிவங்களில் இருவர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். பிறகு மைசூரில் புதிய எண்ணுக்கு 27-ஆம் எண் படிவம், முகவரிச் சான்று, வண்டியை நேரில் காட்டுதல், வண்டியின் வயதுக்கேற்பக் குறைத்துக் கணக்கிட்ட வரி. எல்லாம் முடிய இரண்டரை மாதம் ஆயிற்று.

இரண்டு விஷயங்களை விலை பேசும்போதே பேசிவிடுங்கள். தமிழ்நாட்டில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்க வழி உண்டு. அதைக் கட்டிய இடத்தில்தான் கேட்க வேண்டும். அது யாருக்குச் சேரும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவது, இன்ஷூரன்ஸ். விற்றபின் மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தொடரும். ஆனால் நம் வண்டிக்கே சேதம் வந்தால், பாலிசி நம் பெயருக்கு மாறியிராவிட்டால் கை விரிப்பார்கள். 14 நாட்களுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். விபத்தில்லாத ஆண்டுகளுக்கான போனஸ் விற்றவருக்கு உரியது, வண்டிக்கு அன்று.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். பெயர் மாறுவதற்குள் விற்றவர் காலமாகிவிட்டால், வண்டி முதலில் அவருடைய வாரிசின் பெயருக்கு மாற வேண்டும். துக்க வீட்டில் போய், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளின் கையெழுத்தையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது.

ஆகவே நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிறு, ஒரு மணி நேரம், சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போடுங்கள். இந்தப் பாதையில் போய் வந்தவர்கள் இருவரும், கன்னடம் நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரும் உட்காரட்டும். முதல் ஞாயிறு என் படிவ நகல்களோடு நான் வந்து உட்காரத் தயார்.

புதிய ஆர்.சி. வந்த அன்று மைத்துனருக்குப் போன் செய்து எண்ணைப் படித்துக் காட்டினேன். "எதுக்குங்க மாப்பிள்ளை இத்தனை சிரமம்" என்றுதான் சொன்னார். ஆனால் அவர் பின்னால் இருந்து அக்கா சொன்னது எனக்குக் கேட்டது: "அப்பாடா."