மாப்பிள்ளைக்கு ஒரு பதில்



போன வாரம் வளைகாப்புப் பந்தியில் நம் வீட்டு மாப்பிள்ளை ஒருவர் சொன்னார்: "அப்பத்தா பேரில் கொடுக்கிற உதவித்தொகையை இனிமேல் வெல்டிங், ஏசி மெக்கானிக் படிப்புக்கு மட்டும் கொடுப்போம் மாமா. கொத்தனார் பிள்ளைக்குச் சரித்திரம் எதற்கு? அமெரிக்காவில் எல்லாம் பிராக்டிகல்தான்." பாயசம் வந்துவிட்டதால் அப்போது பேசவில்லை. இப்போது பேசுகிறேன்.

மாப்பிள்ளை, நீங்கள் எம்.எஸ். படித்த பர்டியூ எப்படி வந்தது தெரியுமா? ஜஸ்டின் மோரில் என்று ஒரு வெர்மான்ட்காரர். கொல்லர் மகன். பதினைந்து வயதில் பள்ளியை விட்டவர், கடை வைத்துப் பிழைத்தவர், பிறகு காங்கிரஸ் உறுப்பினர். உழவர், தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்லூரி வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தார். 1859-இல் ஜனாதிபதி புக்கானன் நிராகரித்தார். 1862-இல், உள்நாட்டுப் போருக்கு நடுவே, லிங்கன் கையெழுத்துப் போட்டார். மாநிலத்தின் ஒவ்வொரு காங்கிரஸ் உறுப்பினருக்கும் 30,000 ஏக்கர் கணக்கில் நிலம். அதை விற்ற பணத்தில் கல்லூரி.

அந்தச் சட்டம் விவசாயமும் இயந்திரக் கலையும் கற்பிக்கச் சொன்னது. கூடவே, மற்ற அறிவியலையும் பழைய இலக்கியங்களையும் ஒதுக்கக் கூடாது என்றும் எழுதி வைத்தது. நீங்கள் விட்டுவிட்ட பாதி அதுதான். கொல்லன் மகனுக்கு உலை மட்டும் போதும் என்று கொல்லன் மகனே நினைக்கவில்லை!

அந்தச் சட்டம் புனிதமானது என்றும் நான் சொல்லவில்லை. விற்ற நிலம் பூர்வகுடிகளிடமிருந்து பறித்தது. கறுப்பினப் பிள்ளைகளை 1890-இல் வந்த இரண்டாவது சட்டம்தான் நினைத்துப் பார்த்தது. அதுவும் தனிக் கல்லூரி வைத்தால் போதும் என்று. இதையெல்லாம் நான் எதில் படித்தேன்? சரித்திரத்தில்தான்.

நார்மன் போர்லாக்கைப் பாருங்கள். அயோவா விவசாயி மகன். மினசோட்டா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்றவர். அதுவும் இதே சட்டத்தின் பலன் பெற்ற பல்கலைக்கழகம்தான். அவரை வெளியே அனுப்பாமல், அங்கே புதிதாகத் தொடங்கியிருந்த பொதுக் கல்லூரியில் சேர்த்துக்கொண்டார்கள். பிற்பாடு அவர் உருவாக்கிய குட்டைக் கோதுமைதான் 1960-களில் நம் பஞ்சாபுக்கு வந்தது. 1960-இல் பந்த்நகரில் தொடங்கிய விவசாயப் பல்கலைக்கழகமும் அந்த அமெரிக்க மாதிரிதான். நம் கோயம்புத்தூர் 1971-இல் பல்கலைக்கழகம் ஆனது.

வெல்டிங் கேவலம் என்று நான் சொன்னதாக யாரும் கிளப்பிவிட வேண்டாம். என் மாணவர்களில் நல்ல வெல்டர்கள் இருக்கிறார்கள், இதைப் படித்துக்கொண்டும் இருப்பார்கள். வெல்டிங் கேட்கிற பிள்ளைக்கு வெல்டிங் கொடுப்போம். ஆனால் இந்த வருஷம் விண்ணப்பித்த கொத்தனார் மகள் பி.ஏ. வரலாறு கேட்கிறாள். உங்கள் மகன் லண்டனில் சினிமா படிக்கும்போது யாராவது 'எதற்கு' என்று கேட்டோமா?

புது விதியில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். கோபம் என்றால் போன் செய்யுங்கள் மாப்பிள்ளை. மதியம் இரண்டு முதல் நான்கு வரை வேண்டாம், தூங்குவேன்.