மருந்துச் சீட்டும் மனம்விட்ட பேச்சும்

விடுதியில் என் அறைத் தோழன் ஒருவன், கடந்த ஆண்டு மூன்று மாதம் உறக்கமின்றித் தவித்தான். உணவுக்கூடத்துக்கும் வருவதில்லை. "மனோதத்துவ டாக்டரைப் பார்" என்று நாங்களே நகருக்கு அனுப்பி வைத்தோம். பத்து நிமிடத்தில் மாத்திரைச் சீட்டுடன் வெளியே வந்தான். "பேசப் போனேனடா, மருந்து எழுதிவிட்டார்!" என்று சீட்டைக் கிழித்தெறிந்தான். பிழை யாருடையது? மருத்துவருடையதன்று, யாரிடம் அனுப்புகிறோம் என்றறியாத எங்களுடையது!

தோழர்களே, மனமருத்துவர் முதலில் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, மனநோய் மருத்துவத்தில் மேற்படிப்பும் முடித்தவர். நோயை அறிந்து மருந்து எழுதுபவர் அவரே. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எனப்படும் மருத்துவ உளவியலரோ மருந்து எழுதுபவரல்லர். உளச் சோதனைகளால் சிக்கலை அளந்தறிவதும், வாரந்தோறும் முக்கால் மணி, ஒரு மணி உடனமர்ந்து, பேச்சாலும் பயிற்சியாலும் எண்ணத்தின் முடிச்சுகளை அவிழ்ப்பதும் அவர் தொழில். உளவியல் முதுகலைக்குப்பின், நோயாளரிடையே மேற்பார்வையில் பழகும் 2 ஆண்டு எம்.ஃபில். பயிற்சியை அவருக்குரிய தகுதிகளுள் ஒன்றாக 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டிலும் அவர் பெயர் இருத்தல் வேண்டும். எம்.ஏ. உளவியல் மட்டும் பயிலும் நண்பர்கள் என்மீது சினங்கொள்ள வேண்டா! குடும்பத்தையும் சூழலையும் சீர்செய்ய மனநலச் சமூகப் பணியாளர் உண்டு. 'கவுன்சிலர்' என்னும் பலகைக்குப் பின்னாலோ ஆண்டுக்கணக்கில் பயின்றவரும் இருப்பார். சில வாரச் சான்றிதழ்க்காரரும் இருப்பார். பதிவெண் கேட்பது மரியாதைக் குறைவன்று.

மாத்திரைக்கு மொழியில்லை, பேச்சுக்கு உண்டு. காய்ச்சலென்று இந்தியில் சொல்லிவிடலாம். "நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது" என்பதை எந்த மொழியில் சொல்வது? ஆகவேதான் கேட்கிறேன்: ஆண்டுதோறும் பொங்கல் விழாவுக்கு நன்கொடைப் பட்டியல் போடும் நம் சங்கம், தமிழ் பேசும் மருத்துவ உளவியலர் பட்டியலொன்றை, பதிவெண்ணோடு, புதுமாணவர் கையில் முதல் வாரமே கொடுக்கலாகாதா? அவசரத்துக்கு, 2022 அக்டோபரில் அரசு தொடங்கிய டெலி மானஸ் உண்டு. 14416-ஐ அழைத்தால் தமிழிலும் பேசலாம்.

என் தோழன் மீண்டும் அதே மருத்துவரிடம் போனான். இப்போது மாத்திரையும் உண்டு. தொலைபேசி வழியே தமிழில் உரையாடும் உளவியலரும் உண்டு. அவன் இசைவுடனேதான் இதனை எழுதுகிறேன். வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு நாங்கள் அறையை அவனிடம் விட்டுவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போய்விடுகிறோம்.