'பி' உரிமம் கைப்பைக்குள் இருந்தால் போதுமா?

எஸ்பிஎம் முடிந்த கையோடு நம்மில் பலர் கார் உரிமத்துக்குப் பதிவு செய்கிறோம். கணினித் தேர்வில் 50 கேள்விகளுக்கு 42 சரியாக வரவேண்டும். பிறகு 'எல்', பயிற்சி, ஜேபிஜே சோதனை. மேட்டில் காரை நிறுத்தி மீண்டும் எடுக்கும் இடத்தில்தான் எல்லாருக்கும் வயிறு கலங்கும். தேறினால் 'பி'.

என் கவலை அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளைப் பற்றியது. அந்தக் காலத்தில் நாம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினோம் என்று யாரும் கேட்பதில்லை. குற்றப் புள்ளிகள் சேராமல் நாள்கள் கழிந்தால் முழு உரிமத்துக்கு மாறிவிடலாம். காரைத் தொடாதவருக்குப் புள்ளி எப்படிச் சேரும்?

என் தோழிகள் சிலரின் 'பி' உரிமம் கைப்பையிலேயே உறங்குகிறது. வீட்டில் கார் உண்டு. ஆனால் "மழை வருது, தம்பி ஓட்டட்டும்" என்றதும் சாவி கைமாறிவிடும். தம்பி எடுத்ததும் அதே 'பி'தான்! நாளை வேலை கிடைத்து, இரவில் நெடுஞ்சாலையில் தனியாக வரும்போதுதான் அவர்கள் உண்மையில் ஓட்டக் கற்பார்கள். அப்போது பின்னால் வருபவரைப் பொறுமைகாக்கச் சொல்லும் 'பி' ஸ்டிக்கரும் காரில் இருக்காது.

சோதனை பகலில், பழகிய பாதையில் நடக்கிறது. அடைமழையையும் இரவையும் டோல் சாவடிக்கு முன் தடம் மாறுவதையும் 'பி' ஒட்டியிருக்கும்போதே பழக வேண்டும். ஆகவே இந்த வாரமே வீட்டில் சாவியைக் கேளுங்கள். அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் உட்காரட்டும். இல்லாத பிரேக்கை அவர்கள் மிதித்துக்கொண்டே வருவார்கள். அதைப் பொருட்படுத்த வேண்டாம்.